சுவருக்கு அந்தப் பக்கம் போன வயர்

இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதை மறைத்துவிட்டுச் சொன்னால் கதை இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் அது சரியில்லை.

என் பெயர் ஹூவப்பா. சாகர் பக்கத்துக் காட்டு ஊர்களில் இருபத்துநாலு வருஷமாகக் கம்பம் ஏறுகிறேன். முதலில் டெலிபோன் லைன்மேனுக்கு உதவி ஆளாக இருந்தேன். இப்போது வீடு வீடாக ஃபைபர் இழுக்கும் ஒப்பந்தக்காரரிடம் வேலை. எங்கள் மலைப்பக்கம் செல்போன் டவர் எடுக்காது. பாக்குத் தோட்டத்தைத் தாண்டி மேட்டில் ஏறி நின்றால் ஒரு கோடு வரும், மேகம் இறங்கினால் அதுவும் போய்விடும். அதனால் வீட்டு போன் இன்னும் உயிரோடு இருக்கிற ஊர்கள் இவை. போன மழைக்காலத்தில், ஆகஸ்ட் கடைசியில், மரம் விழுந்து பழைய செப்புக் கம்பிகள் எல்லாம் அறுந்தன. இனி அதைச் சரிசெய்ய மாட்டோம், ஃபைபருக்கு மாறிக்கொள்ளுங்கள், அதே நம்பரை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரே ஃபைபரில் இன்டர்நெட், போன், டிவி மூன்றும் வரும்.

செப்டம்பரில் மழை ஒரு வாரம் ஓய்ந்திருந்தபோது மாவினகொப்பாவில் சீதாராம ஹெக்டே வீட்டுக்குப் போனேன். அது பெரிய பழைய வீடு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பங்கு பிரித்தபோது நடுவில் பலகைச் சுவர் வைத்து இரண்டாக்கினார்கள். கிழக்குப் பாதி அண்ணன் சீதாராமருக்கும் அவர் மனைவி நாகவேணியம்மாவுக்கும். மேற்குப் பாதி தம்பி கஜானனருக்கும் அவர் மனைவி ஜலஜாட்சிக்கும், எங்களுக்கு ஜலஜம்மா. பங்கில் சண்டை எதுவும் வரவில்லை. பெண்கள் இருவரும் நடுக் கதவு வழியாக நாளுக்கு நாலு முறை இந்த அடுப்படிக்கும் அந்த அடுப்படிக்கும் நடப்பார்கள். எந்த ஊரில் ஓரகத்திகள் சண்டை போட்டாலும் மாவினகொப்பா வீட்டைப் பாருங்கள் என்றுதான் சொல்வார்கள்.

முதலில் டிவியை முடித்தேன். சீதாராமருக்கு அதுதான் அவசரம். அவருடைய டிவி பழசு, புது பெட்டியின் வயர் அதில் சேரவில்லை. பைக்கிலிருந்து மூன்று வண்ண முனை வைத்த வயரை எடுத்து வந்து பொருத்தினேன். படம் வந்ததும் சத்தத்தை உயர்த்தி வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், அதற்குப் பிறகு எழவே இல்லை.

போனில்தான் சிக்கல். கம்பெனி விதிப்படி மோடத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு போன் வைத்துக் கொடுத்தால் போதும். அதைச் செய்தேன், உடனே டோன் வந்தது. ஆனால் நாகவேணியம்மாவுக்கு அது ஒப்பவில்லை. அடுப்படிக்குப் போகும் நடையில் ஒரு போன் எப்போதும் இருந்தது. அங்கே ஒரு முக்காலியில் உட்கார்ந்துதான் அவர் பேசுவார். கூடத்தில் டிவி அலறுகிற இடத்தில் நான் யாரோட என்ன பேச முடியும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மோடத்திலிருந்து வரும் போன் வயரைப் பழைய வீட்டு வயரிங்கோடு சேர்த்துவிட்டால் நடையில் இருக்கிற போனும் பேசும் என்றேன். அதைச் செய்யப் போகும்போது எனக்குக் கஷாயம் கொண்டுவந்து வைத்தார்.

அவரை எனக்கு நீண்ட நாளாகத் தெரியும். பி.ஏ. படித்தவர், ஐம்பத்தைந்து வயசிருக்கும். நான் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பார். இரண்டு வாரமாகப் போன் இல்லாமல் பெங்களூரில் இருக்கிற மகள் சுப்ரபாவோடு பேச முடியவில்லை என்றார். பேச்சு ஜலஜாட்சி பக்கம் திரும்பியது.

"ஜலஜா இல்லைன்னா இந்த ரெண்டு வாரம் எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும், ஹூவப்பா. போன வருஷம் சுப்ரபாவுக்குக் கரு கலைஞ்சது. நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. மறுநாள் விடியறப்போ அவளே மிளகுக் கஷாயம் வெச்சு எடுத்துட்டு வந்து பக்கத்துல உக்காந்தா. ஒண்ணும் கேக்கல. என் முகத்தைப் பாத்தே அவளுக்குத் தெரிஞ்சிடும்."

நான் சரிதான் என்று தலையாட்டினேன். கூடப் பிறந்தவளைக் காட்டிலும் ஒசத்தி என்று அவரே சேர்த்துக்கொண்டார். அவருடைய கூடப் பிறந்தவளைப் பற்றி எனக்கு ஏற்கெனவே தெரியும், ஊருக்கே தெரியும். சிர்சியில் வத்சலா என்று ஒரு தங்கை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அங்கே பெண்கள் விடுதி ஒன்றுக்கு வார்டன் தேடினார்கள். வத்சலா சொல்லி, நாகவேணியம்மா விண்ணப்பம் போட்டார். கணவர் ஹெக்டேவுக்குச் சொல்லவில்லை. வேலை கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தார். எல்லாப் பேச்சும் அந்த நடையில் இருந்த போனில்தான். நேர்காணலுக்கு முந்தின நாள் ஹெக்டே, சத்தமெல்லாம் போடாமல், நாளைக்கு எங்கேயும் போக வேண்டாம், அம்மா படுக்கையில் இருக்கும்போது ஊர் என்ன பேசும் என்று மட்டும் சொன்னார். ஹெக்டேவின் அம்மா அப்போது படுத்த படுக்கைதான். நாகவேணியம்மா போகவில்லை. விஷயம் தெரிந்தது அவருக்கும் வத்சலாவுக்கும் மட்டும். ஆகவே சொன்னவள் வத்சலாதான் என்று முடிவு செய்து, அதே போனில் தங்கையை வாய்க்கு வந்தபடி பேசினார். அதோடு உறவு அறுந்தது. வத்சலாவின் மகன் கல்யாணத்துக்குக்கூட இந்த வீட்டிலிருந்து அவர் போகவில்லை. அந்த நாட்களில் அவரைத் தேற்றியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மோடத்தின் வயரைச் சேர்த்துவிட்டு நடையில் போனை எடுத்துப் பார்த்தேன். டோன் இல்லை. கூடத்தில் எடுத்தேன், அங்கேயும் இல்லை. வீட்டு வயரிங்கைக் கழற்றினால் டோன் வருகிறது, சேர்த்தால் போகிறது. எங்கேயோ ஒரு ரிசீவர் எடுத்தபடி இருந்தால்தான் இப்படி ஆகும். ஆனால் இரண்டு போனும் என் கண் முன்னால் ஒழுங்காக வைத்தபடியே இருந்தன. எலி கடித்து வயர் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்து, ஏணி வைத்துப் பரணில் ஏறினேன்.

பரணில் பழைய ஜங்ஷன் பெட்டியைத் துடைத்துத் திறந்தேன். அதிலிருந்து மூன்று வயர்கள் பிரிந்தன. ஒன்று கூடத்துக்கு, ஒன்று நடைக்கு. மூன்றாவது பலகைச் சுவரின் மேல் விளிம்பில் ஒரு துளை வழியாக மேற்குப் பாதிக்குள் இறங்கியது.

அந்த வயரை எனக்கு நன்றாகத் தெரியும். பங்கு பிரிப்பதற்கு முன்னால் மேற்குப் பாதியிலும் ஒரு போன் இருந்தது. நம்பர் அண்ணனோடு போனதால் அந்தப் போனைக் கழற்ற என்னைத்தான் அனுப்பினார்கள். பரணில் ஏறி இந்தப் பெட்டியில் இரண்டு திருகைத் தளர்த்தினால் முடிந்தது, இரண்டு நிமிஷ வேலை. அன்றைக்கு ஜலஜம்மா, நாங்களும் தனி நம்பருக்கு எழுதிப் போட்டிருக்கிறோம், வயர் அப்படியே இருந்தால் மறுபடி இழுக்க வேண்டாமே என்றார். சாப்பாட்டு நேரம், எனக்குப் பசி. போனை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வயரை விட்டுவிட்டு வந்தேன். உயிர் இருக்கிற வயரை. தனி நம்பர் கடைசிவரை வரவில்லை. அதற்குப் பிறகு அந்த வயரை நான் ஒருமுறைகூட நினைக்கவில்லை.

கீழே நாகவேணியம்மா நடையில் நின்றுகொண்டிருந்தார். நான் பெட்டியில் கை வைத்ததில் ஏதாவது மாறியிருக்குமோ என்று, டோன் வருதான்னு எடுத்துப் பாருங்கம்மா என்று குரல் கொடுத்தேன்.

அவர் எடுத்துக் காதில் வைத்தார். பிறகு சொன்னார்: "டோன் வரல. யாரோ தேங்காய் துருவுற மாதிரி சத்தம் வருது."

என் சோதனைப் போனின் கிளிப்புகளை மூன்றாவது வயரில் மாட்டிக் காதில் வைத்தேன். தேங்காய் துருவும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பின்னாலேயே ஜலஜம்மாவின் குரல், பூனையை விரட்டுகிற குரல். "போ அந்தப் பக்கம், பால்கிட்ட உனக்கு என்ன வேலை?" அதே வார்த்தை பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து என் மறு காதிலும் விழுந்தது.

நாகவேணியம்மா ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பூனை போய், துருவல் முடிந்து, பாத்திரம் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் வரும்வரை இருந்தார். நான் மூன்றாவது வயரைத் திருகிலிருந்து எடுத்தேன். உடனே டோன் வந்தது. வந்த வேலை முடிந்தது. எலி கடிச்சிருந்ததும்மா என்று சொல்லிவிட்டு இறங்கலாம் என்ற எண்ணம் வந்தது உண்மைதான்.

இறங்கினேன். அவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அது எங்கே போகிற வயர் என்று கேட்டார், சொன்னேன். எத்தனை நாளாக என்று கேட்டார். அதையும் சொன்னேன்: கழற்ற வந்தவன் நான்தான், யார் விடச் சொன்னார்கள், நான் ஏன் விட்டேன் எல்லாம். பன்னிரண்டு வருஷம் என்று அவர் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"நீயும் வா" என்றார். "நாளைக்கு அப்படி ஒண்ணும் இல்லைன்னு என்னையே நம்ப வெச்சிடுவாங்க."

மேற்குப் பாதியில் ஜலஜம்மா துருவின தேங்காயை அம்மிப் பக்கம் வைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்து, போன் வந்துடுச்சா அக்கா என்றார். நாகவேணியம்மா சுவரில் இறங்கிய வயரைப் பார்த்துக்கொண்டே அடுப்படியை ஒட்டிய சாமான் அறைக்குள் போனார். அரிசி டிரம்முக்குப் பின்னால், பலகையில், ஒரு பழைய துண்டு போட்டு எதையோ மூடி வைத்திருந்தது. பூனை தட்டிவிட்டதோ என்னவோ, துண்டு சரிந்து கிடந்தது. பச்சை நிறப் பழைய போன், நான் அன்றைக்குக் கழற்றிக் கொண்டுபோனது இல்லை, எங்கிருந்தோ வாங்கினது; ரிசீவர் பக்கத்தில் விழுந்து கிடந்தது. போனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மணை போட்டிருந்தது. உட்கார்ந்து கேட்க வசதியாக.

அது எப்பவோ கிடந்த பழசு, வேலையே செய்யாது என்று ஜலஜம்மா ஆரம்பித்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

நாகவேணியம்மா குரலை உயர்த்தவே இல்லை. "ஒரே ஒரு விஷயம் கேக்கறேன். சிர்சி வேலை விஷயம் என் வீட்டுக்காரர் காதுல போட்டது நீயா?"

ஜலஜம்மா மணையில் உட்கார்ந்துவிட்டார். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை.

"நீங்க போயிட்டா இந்த வீட்ல நான் யார்கிட்ட பேசறது அக்கா? உங்க கொழுந்தனார் மாசத்துல பத்து வார்த்தை பேசுவாரா? அத்தை படுக்கையில. நாலு பக்கமும் மழை. நீங்க வத்சலாகிட்ட சிரிச்சு சிரிச்சுப் பேசறதைக் கேட்டுட்டே இருந்தேன். அவகிட்ட பேசற மாதிரி என்கிட்ட ஒரு நாளாவது பேசினீங்களா?"

"அதுக்கு அவளையே என்கிட்ட இருந்து பிடுங்கிட்டியா?"

"நான் அவ பேரைச் சொல்லல. நீங்களாதான் நினைச்சீங்க."

"நான் நினைச்சப்போ நீ என்ன சொன்னே? ரத்த சொந்தம்தான் முதல்ல குத்தும்னு சொன்னே. என் தலையைத் தடவிட்டே சொன்னே."

ஜலஜம்மா, தான் தப்பிக்கச் சொன்னாரோ, உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று சொன்னாரோ தெரியாது, ஒன்றைச் சொன்னார். "பெரியவருக்கு எல்லாம் தெரியும். உனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு அன்னைக்கே கேட்டார். இந்தப் போனைக் காட்டினேன். அவர் ஒண்ணும் சொல்லலையே."

நாகவேணியம்மா அங்கிருந்து வந்த வேகத்துக்கு என்னால் பின்னாலேயே வர முடியவில்லை. நான் கூடத்துக்குள் நுழையும்போது அவர் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஹெக்டே படம் தெரியவில்லை என்று கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துச் சத்தத்தைக் குறைத்தார்.

அந்தப் பக்கம் போன் இருக்கிறது தெரியுமா என்று நாகவேணியம்மா கேட்டார். தெரியும் என்றார் ஹெக்டே. மறைக்கவே இல்லை.

"வத்சலாவை நான் அந்தப் பேச்சுப் பேசினப்போ நீங்க இதே நாற்காலியிலதான் இருந்தீங்க. அவ சொல்லலைன்னு உங்களுக்குத் தெரியும்."

"நீ போகாம இருந்தா சரின்னு இருந்தேன். அம்மாவை யார் பாத்துக்கறது? அக்கா தங்கச்சி சண்டை நாலு நாள்ல தானா ஆறிடும்னு நினைச்சேன்."

"ஆறு வருஷம் ஆச்சு."

"ஆறு வருஷத்துல நீயும் ஒரு தடவை கூப்பிட்டுக் கேக்கலையே, நாகவேணி."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறவர் மாதிரிதான் சொன்னார். ஆனால் அந்த அம்மாவின் முகம் அதுவரை இருந்த மாதிரி அதற்குப் பிறகு இல்லை. ஜலஜாட்சியிடம் நின்றபோதும், புருஷனிடம் நின்றபோதும் அவருக்கு ஒரு நியாயம் கையில் இருந்தது. இந்த ஒரு வார்த்தையில் அது கையை விட்டுப் போய்விட்டது.

நடைக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்து நம்பரைப் போட்டார். ஆறு வருஷமாகப் போடாத நம்பர், எங்கேயும் எழுதி வைத்ததைப் பார்க்கவில்லை. ஃபைபரில் குரல் தெளிவாக இருக்கும், பழைய கம்பி மாதிரி இரைச்சல் கிடையாது. நான் ஏணியை மடக்கிக்கொண்டிருந்த இடத்துக்கே வத்சலாவின் ஹலோ கேட்டது. நான் விலகிப் போயிருக்க வேண்டும். கேட்பது என்றால் எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். ஆனால் அதற்குள் ஒன்று கேட்டுவிட்டேன். நாகவேணியம்மா நடந்ததைக் கோர்வையில்லாமல் சொல்லி முடித்திருந்தார். மறுமுனையில் வத்சலா:

"நான் சொல்லலைன்னு அன்னைக்கு எத்தனை தடவை சொன்னேன் அக்கா. நான் சொன்னா நம்ப மாட்டே. ஒரு வயர் சொன்னா நம்புவியா?"

போனை யார் முதலில் வைத்தார்கள் என்று தெரியாது.

நான் வாசலில் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் வெளியே வந்தார். அந்த வயரை இன்னும் பரணிலேயே விட்டிருக்கிறாயா என்று கேட்டார். இனிமேல் அதில் ஒன்றும் வராதும்மா, திருகிலிருந்து எடுத்துவிட்டேன் என்றேன்.

"போன தடவையும் கழட்டிட்டேன்னுதான் சொல்லிட்டுப் போனே."

மறுபடி ஏணியை விரித்தேன். மேற்குப் பாதியிலிருந்து முப்பது அடி வயரையும் துளை வழியாக இழுத்து எடுத்தேன். அந்தப் பக்க முனையைக் கழற்ற நான் போனபோது ஜலஜம்மா அதே மணையில் உட்கார்ந்திருந்தார். போனை நானே எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். எடுத்துக்கோ என்று கையால் காட்டினார். துளையில் ஒரு துணியைத் திணித்து அடைத்துவிட்டு இறங்கினேன். நாகவேணியம்மா வயரைச் சுருட்டி என்னையே கொண்டுபோகச் சொன்னார். அன்றைக்கு அவர் என்னை ஒரு சொல் திட்டவில்லை, ஆனால் அதற்குப் பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை.

அடுத்த வாரமே அவர் சிர்சிக்குப் பஸ் ஏறினார் என்று கேள்விப்பட்டேன். வத்சலா முதல் தடவை தின்பண்டமும் காபியும் கொடுத்து, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லி அனுப்பினாராம். இரண்டாவது தடவை வீட்டில் இல்லை என்று மருமகள் சொன்னாளாம், உள்ளே வத்சலாவின் இருமல் கேட்டதாம். மூன்றாவது தடவை இரண்டு நாள் தங்கினார். வார்டன் வேலை எப்போதோ வேறு ஒருத்திக்குப் போய்விட்டது. இப்போது மாதத்தில் பாதி நாள் சிர்சியில், மருமகளின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். மற்றப் பாதி மாவினகொப்பாவில். அக்காளும் தங்கையும் பேசிக்கொள்கிறார்கள், ஆனால் முன்பு மாதிரி சிரித்துச் சிரித்துப் பேசுகிறார்களா என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்க யாரும் இல்லை.

ஏப்ரலில் இடி விழுந்து டிவி பெட்டி போய்விட்டது என்று ஹெக்டே கூப்பிட்டார். போனேன். அவரே உப்புமா கிண்டி, அடி பிடிக்கவிட்டு வைத்திருந்தார். நான் பெட்டியை மாற்றிக்கொண்டிருக்கும்போது, அவள் வியாழக்கிழமை வருவாள், அதற்குள் சரியாகிவிடுமா என்று கேட்டார். இன்றைக்கே ஆகிவிடும் என்றேன். இரண்டு அடுப்படிக்கும் நடுவில் இருந்த கதவில் ஒரு குறுக்குக் கட்டை வைத்து ஆணி அடித்திருந்தது.

பைக்கை எடுக்கும்போது ஜலஜம்மா மேற்கு வாசலில் நின்றுகொண்டிருந்தார். மெலிந்திருந்தார். வேலியருகே வந்து, யார் காதிலும் விழாத குரலில் கேட்டார்.

"அக்கா எப்ப வர்றாங்கன்னு உனக்குத் தெரியுமா, ஹூவப்பா?"

தெரியாதும்மா என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.